எட்டா, பதினாலா

எட்டு என்றுதான் நினைக்கிறேன். எட்டு. நினைக்கிறேன் என்று சொன்ன உடனே பதினாலு வந்து உட்கார்ந்துகொள்கிறது, பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துகொண்டு இது என் இடம்தான் என்று சாதிக்கிற மாதிரி. சலூன்காரர் சுடலைமணி என் தலையிலும் மீசையிலும் சாயத்தைப் பூசி முடித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டார். "அண்ணாச்சி, காயுற வரைக்கும் அசையப்படாது. காதுல பட்டா காதும் கறுத்துரும், அப்புறம் என்னைய வையாதீக," என்றார். காது கறுத்தால் கறுக்கட்டும். நாலு மணிக்கு ஜெர்மனியிலிருந்து என் மகள் செண்பகவல்லி வீடியோவில் கூப்பிடுவாள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் ஒரு எண் சொல்ல வேண்டும். ஒரே ஒரு எண். அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்டு வைத்திருக்கிற விடையிலிருந்து அதைக் கழித்தால், இந்தப் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிந்துகொண்டு போகிறது என்று தெரிந்துவிடும். சாயமே அதற்காகத்தான். பிரபஞ்சத்துக்கு விடை சொல்லப்போகிற வாய்க்கு மேலே நரைத்த மீசை இருந்தால் எடுப்பாக இருக்காது என்று நானாகத்தான் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து, சும்மா ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாமே என்று நாக்கைப் புரட்டினால், இரண்டு எண் வருகிறது.

முன்னால் ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. நடுவில் நான், பெருமாள்சாமி. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொன்று, சாயம் பூசிய பெருமாள்சாமிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார்கள், போகப்போகச் சிறுத்து, பாசி படிந்த மாதிரிப் பச்சையாகி. எத்தனையாவது ஆளோடு முடிகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தால் அவர்களும் சாய்ந்து மறைத்துக்கொள்கிறார்கள். "அசையாதீகன்னேன்லா!" சரி, அசையவில்லை. தூரத்தைப் பார்ப்பதும் பழசைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்பாள் செண்பா, வெளிச்சம் நடந்து வர நேரமாகுமாம். அப்படியானால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பெருமாள்சாமியும் எனக்குக் கொஞ்சம் முந்தியவன். கண்ணாடிக்குள் போதுமான தூரம் போனால், போன பொங்கல் லீவில் சாப்பாட்டு மேஜையில் அவளுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணைத் தட்டிய அந்தப் பெருமாள்சாமி இருப்பான். தட்டிய விரல் இன்னும் சூடாக இருக்கும். டேய், எட்டா பதினாலா என்று அவனைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவன் என்னை மாதிரியான ஆள்தானே, வாய்க்கு வந்ததைச் சொல்லுவான்.

அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது, எண்ணைத் தவிர. அடுப்பில் வடை. செண்பா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பிரிட்ஜைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். "ஒண்ணுலேருந்து இருபதுக்குள்ள ஏதாவது ஒரு நம்பர் அடிங்கப்பா. அடிச்சிட்டு எண்டரைத் தட்டுங்க. என்கிட்டயே சொல்லக் கூடாது." எதற்கு இந்தக் கண்ணாமூச்சி என்று கேட்டேன். விடை இவ்வளவுதான் வரவேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தால், கை அந்தப் பக்கமாகவே சாயும்; இந்த நட்சத்திரம் சரியில்லை தூக்கு, அந்த நட்சத்திரம் இருக்கட்டும் என்று தெரியாமலே ஆசைப்பட்ட விடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் யாருக்கும் தெரியாத ஓர் எண்ணைக் கணக்குத் தொடங்கும்போதே கலந்துவிடுவார்களாம், மாவு பிசையும்போதே உப்பைப் போடுகிற மாதிரி. கடைசிவரை கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு எண்ணைக் கேட்டுக் கழிப்பார்களாம். "ஏன், கம்ப்யூட்டரே ஒரு எண்ணை எடுத்துப் போடாதா?" "போடும்பா. ஆனா அது எடுத்தா எங்கயாவது எழுதி வச்சுக்கணும், அந்த புரோகிராம் எழுதினது நாங்கதானே. ஆசை தாங்கலேன்னா யாராவது எட்டிப் பார்த்துருவோம். நீங்க அடிக்கிறதைக் கலந்ததும் அது அழிச்சிரும், உங்க தலைக்குள்ள எட்டிப் பார்க்க முடியாதுல்ல." அடுப்படியிலிருந்து என் சம்சாரம், "அந்தத் தலைக்குள்ள எது நெசம்னு அவுகளுக்கே தெரியாதுடி, நல்ல ஆளைப் பிடிச்ச!" என்றாள். சிரித்தோம். நான் தட்டினேன். ஒரு தட்டா, இரண்டு தட்டா? ஒரு தட்டு என்றால் எட்டு. இரண்டு தட்டு என்றால் பதினாலு. டக், அப்புறம் எண்டர் டக். இரண்டு சத்தம். ஆமாம், இரண்டு சத்தம்தான் காதில் இருக்கிறது, அப்படியானால் எட்டு. ஆனால் நடுவில் வடை எண்ணெயில் விழுந்த சத்தம் ஒன்று உண்டு, அதை இரண்டோடு சேர்த்து எண்ணுகிறேனா, சேர்க்காமலா?

இந்தக் கண்ணைக் கட்டுகிற வேலைக்கெல்லாம் காரணம், உலகத்தில் இரண்டு கட்சி இருப்பதுதான். வானத்தில் விண்மீன் கூட்டங்கள் எல்லாம் நம்மை விட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன. தூரம் கூடக்கூட ஓட்டமும் கூடுகிறது. ஏதோ ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், முப்பது லட்சம் ஒளியாண்டும் சொச்சமும். அந்தத் தூரத்துக்கு நொடிக்கு எழுபத்து மூன்று கிலோமீட்டர் என்கிறது ஒரு கட்சி, இல்லை அறுபத்தேழுதான் என்கிறது இன்னொரு கட்சி. முதல் கட்சி பக்கத்திலிருக்கிற நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து, அதை வைத்து அடுத்ததை அளந்து, அதை வைத்து அதற்கும் அடுத்ததை என்று ஒவ்வொரு படியாக ஏறிப்போகிறது. இரண்டாம் கட்சி பிரபஞ்சம் பிறந்த கையோடு கிளம்பிய வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு இப்படி இருந்தால் இன்றைக்கு எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டு வருகிறது. செண்பா சொல்லச் சொல்ல எனக்கு உடனே பிடிபட்டது. டெய்லர் டேப்பை எடுத்து என் தொப்பையைச் சுற்றிப் பார்ப்பது ஒரு வழி. என் கல்யாண போட்டோவைப் பார்த்து, இந்த ஒட்டிய வயிற்றுக்காரன் இத்தனை வருஷத்தில் இவ்வளவுதான் பெருத்திருக்க முடியும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்வது இன்னொரு வழி. இரண்டும் ஒத்துப்போகவில்லை. யாரோ தப்பாக அளந்திருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் தேடித்தேடிப் பார்த்தும் தப்பு அகப்படவில்லை. "அப்படின்னா டேப்பும் சரி, போட்டோவும் சரின்னா, நடுவுல உங்களுக்கே தெரியாம நீங்க ஏதோ தின்னிருக்கீங்க," என்றாள். சொல்லும்போது அவள் குரல் மாறியது. நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது! அதுதான் அவளுக்கு வேண்டும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் பெற்றவனுக்குத் தெரியாதா. செண்பாவின் ஆட்கள் இப்போது அளந்திருப்பது இதுவரை யாரும் அளக்காத வேறு வகை நட்சத்திரங்களை. அதிலும் எழுபத்து மூன்று வந்தால் தெரியாத அந்த ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அறுபத்தேழு வந்தால் ஒன்றுமில்லை, முந்தி அளந்தவர்கள் எங்கேயோ சறுக்கிவிட்டார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

நான் அந்த எண்ணைக் காவல் காத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ரகசியம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் விடுமா? ரகசியம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னதும் நான்தான், அது வேறு. தீப்பெட்டிக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவன் நான். சிமோகா மழையில் நனைந்த தீப்பெட்டிகளைக் கோழிகளை விட்டு அடைகாக்க வைத்து உலர்த்தினேன், அதில் பொரிந்த குஞ்சு ஒன்று கண்ணைத் திறந்ததும் பீடி கேட்டது என்று சொன்னபோதுகூட இந்தக் கோவில்பட்டியில் இரண்டு பேர், அப்புறம் என்னாச்சு என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட வாயில் பிரபஞ்சத்தையே கொண்டுவந்து வைத்தால் சும்மா இருக்குமா. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பொய் எண்ணைச் சொன்னேன். அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஒரு நிஜத்தைச் சுற்றி இருபது பொய்யை நிறுத்திவைத்தால் திருடன் எதை எடுப்பான்? தபால்காரருக்கு மூன்று, நான் பிறந்த தெருவில் மூன்று கிணறு என்று காரணத்தோடு. பால்காரருக்குப் பதினொன்று. மச்சினனுக்குப் பத்தொன்பது, அதற்கு ஒரு ரயில் கதை. பொய் என்றால் மொட்டையாகச் சொல்லக் கூடாது, சட்டை வேட்டி போட்டு அனுப்பணும். இப்போது பார்த்தால் எட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது, என் முதல் ஆர்டர் எட்டுப் பெட்டி. பதினாலுக்கும் இருக்கிறது, நாக்பூர் லாட்ஜில் பதினாலாம் நம்பர் ரூமில் விடிய விடிய ஒரு குரங்கு கதவைத் தட்டியது. ஒன்று நான் தட்டிய எண், இன்னொன்று நான் யாருக்கோ ஜோடித்த எண். இரண்டுமே நன்றாக உடுத்தி நிற்கின்றன. எது என் பிள்ளை, எது நான் ஊருக்கு அனுப்பியது? சரி, அதையும் படிப்படியாகவே பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொரு ஆளாகக் கழித்து வருகிறேன். மூன்று போச்சு, பதினொன்று போச்சு, பத்தொன்பது போச்சு. எட்டை யாரிடம் சொன்னேன்?

"சுடலைமணி, அந்த நம்பரு, நம்ம செண்பா நம்பரு, உம்மகிட்ட என்ன சொன்னேன்?" அவர் அடுத்த நாற்காலிக்காரரின் தாடையில் நுரை போட்டுக்கொண்டே, "எட்டுன்னீக அண்ணாச்சி. தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீக. நானும் அதை நம்பி டீக்கடையில போய்ச் சொன்னா, ஒருத்தன் மூணுங்கான், ஒருத்தன் பத்தொம்போதுங்கான். அடிதடி ஆகியிருக்கும். அன்னையிலேருந்து உங்க பேச்சை எவன் நம்புனான்," என்றார். நுரைக்குள்ளிருந்து அந்த ஆளும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எட்டைச் சுடலைமணிக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகையால் எட்டு பொய், ஆகையால் பதினாலு நிஜம். முடிந்தது. காதைக்கூட ஆட்டாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன், வரிசையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு கடைசி ஆள்வரை போய்ச் சேருவதற்குள்ளேயே இன்னொன்று எட்டிப் பார்த்தது. சத்தியம் பண்ணினேன் என்கிறாரே. தபால்காரரிடம் நான் சத்தியம் பண்ணவில்லை. பால்காரரிடமும் இல்லை. சுடலைமணியிடம் மட்டும் ஏன்? ஒருநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு குறும்பு தோன்றியதே, எல்லோருக்கும் பொய்யைச் சொல்கிறோம், ஒருத்தருக்கு நிஜத்தையே சொல்லிப் பார்ப்போம், நிஜத்தைச் சொன்னால்தான் என்னை யாரும் நம்பமாட்டார்கள், அதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று. அப்படித் தோன்றியது நிஜம். தோன்றியதைச் செய்தேனா என்பதுதான் தெரியவில்லை. செய்திருந்தால் எட்டு. படி ஏறிப்போனால் பதினாலு வருகிறது, பழைய காலைக்கே நேராகப் போனால் எட்டு வருகிறது. அட, செண்பா, உன் இரண்டு கட்சியும் என் மண்டைக்குள்ளேயே கொடி நட்டுவிட்டதே! அந்த வேடிக்கையை அவளிடம் உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியாத ஒரே ஆளும் அவள்தான்.

இதில் என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. போன வாரம் போனில் பேசும்போது சந்தோஷத்தில் அவளுக்கு வாய் தவறிவிட்டது. "அப்பா, எல்லாம் சேர்த்தாச்சு. உங்க உப்பையும் சேர்த்து எண்பத்தொண்ணுல நிக்குது." அவளுக்கு அது வெறும் எண்பத்தொன்று. எனக்கு? எண்பத்தொன்றில் எட்டுப் போனால் எழுபத்து மூன்று. பதினாலு போனால் அறுபத்தேழு. ஆர்டர் எடுத்த மூளை, கேட்காமலே கழித்துப் பார்த்துவிட்டது. இப்போது யோசித்தால், அந்தப் போனுக்கு அப்புறம்தான் எட்டு இவ்வளவு பளிச்சென்று ஆகியிருக்கிறது. அதற்கு முந்தி டக் டக் என்கிற சத்தம் என் காதில் இருந்ததா? வடை விழுந்த சத்தம் இருந்ததா? மகளுக்கு வேண்டிய விடை எட்டில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு, மனசே உட்கார்ந்து அந்தக் காலையைப் புதிதாகத் தைத்துக் கொடுக்கிறதா? எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டு என் கண்ணை மட்டும் அவிழ்த்து விட்டுவிட்டார்களே. அப்படியானால் எட்டைச் சந்தேகப்பட வேண்டும், பதினாலைச் சொல்ல வேண்டும். ஆனால் நேர்மையானவன் என்று காட்டிக்கொள்கிற ஆசையில் அந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாய்ந்ததுதானே. எட்டு என்று சொன்னால் அந்த அறையில் எப்படிக் கத்துவார்கள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. யாருக்கும் தெரியப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்றால் உப்புக் கலக்காத மூலப் படங்களிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அடுத்த மழைக்காலம் வந்துவிடும், அதற்குள் இதே நட்சத்திரங்களை அளந்துகொண்டிருக்கிற இன்னொரு நாட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள், செண்பாவின் இத்தனை வருஷமும் இரண்டாவதாகச் சொன்னவள் என்று போய்விடும். ஒரு பொய்தானே. எனக்கு என்ன பஞ்சம் பொய்க்கு? ஆனால் இதுவரை நான் சொன்னதெல்லாம் குரங்கையும் கோழியையும் பற்றி. இதைச் சொன்னால், தெரியாத ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு எப்போதும் தெரியாமலே போகும். எனக்கும் தெரியாமல் போகும். அதுதான் தாங்கவில்லை. நிஜமாகவே எவ்வளவு வேகம்? இந்த நாற்காலி, சுடலைமணி, ஜெர்மனி, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது எவ்வளவு வேகமாகத்தான் போகிறது?

போன் அடித்தது. நாலாகவில்லை. எடுத்தால் செண்பா, பின்னால் ஏழெட்டுத் தலைகள், சுவரில் எண்பத்தொன்று என்று பெரிதாக எழுதியிருந்தது. "அப்பா, ரூம் முன்னாடியே கிடைச்சிருச்சு, எல்லாரும் வந்துட்டாங்க, அதான்... ஐயோ, என்னப்பா தலையில?" "சாயம்." "மீசையிலயுமா!" எல்லோரும் சிரித்தார்கள். ஜிஜோ என்று ஒரு மலையாளப் பையன் அவளோடு வேலை பார்க்கிறான், சினிமா பார்த்துத் தமிழ் கற்றவன், அவன் முன்னால் வந்து, "அங்கிள், சூப்பர் லுக்!" என்றான். செண்பா ஒரு பேனாவை எடுத்துக்கொண்டாள். "சொல்லுங்கப்பா. என்ன நம்பர்?" சுடலைமணி கத்தியை நிறுத்திவிட்டார். நுரைக்காரரும் திரும்பிவிட்டார். நான் சொன்னேன், "மறந்துட்டேம்மா."

ஜிஜோ அதை இங்கிலீஷில் சொன்னான், அந்த அறையே சிரித்தது. ஜிஜோ மேஜையைத் தட்டினான். சிரிப்பு அடங்கக் காத்திருந்து மறுபடி சொன்னேன், "மறந்துட்டேன்." "அங்கிள் தமாஷ் காட்டுது, சேச்சி," என்றான் ஜிஜோ. செண்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றவர்களை நோக்கிக் கையைத் தூக்கினாள். "தமாஷ் இல்ல ஜிஜோ. எங்கப்பா பொய் சொன்னா இவ்வளவு சின்னதா சொல்ல மாட்டார். பொய்யா இருந்தா இந்நேரம் ஒரு யானை வந்திருக்கும்." அதையே இங்கிலீஷிலும் சொன்னாள் போல, ஒவ்வொரு தலையாகச் சிரிப்பு நின்றது. அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள், ஜன்னல் ஓரமாக நின்றாள். "சுத்தமா மறந்துட்டீங்களா?" "ரெண்டு நம்பர் இருக்கு. எது நெசம்னு தெரியல." "எது ரெண்டு?" கேட்டுவிட்டு முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். அந்தக் கண்ணில் இருந்த பசி எனக்குத் தெரியும், அது என் கண்தான். சொன்னால் நான் வாயை மூடுமுன் கழித்துவிடுவாள். கழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்கும்போது, எழுபத்து மூன்றா அறுபத்தேழா என்று ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கேட்டுக்கொண்டே அளப்பாள். "சொல்ல மாட்டேன்," என்றேன். "அப்பா!" "மாட்டேன் செண்பா." "என்கிட்டயா?" "உங்கிட்டதான் முக்கியமா." நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அவங்க முதல்ல சொல்லிருவாங்கப்பா." "தெரியும்மா." அப்புறம் மெதுவாக, "ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பெரிசா, சின்னதா? அதையாவது..." என்றாள். "செண்பா!" என்று அதட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள். "கேட்டுப் பார்த்தேன்," என்றாள்.

போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள், அணைக்க மறந்துவிட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கூரையும் ஒரு டியூப் லைட்டும்தான். கதவு திறந்தது. யாரோ ஏதோ கேட்டார்கள், அவள் இங்கிலீஷில் நிதானமாக ஏதோ சொன்னாள். "காஞ்சிருச்சு அண்ணாச்சி, கழுவிருவமா?" என்று சுடலைமணி தோளைத் தொட்டார். பொறும் என்று கையைக் காட்டினேன். பிறகு நாற்காலிகளை இழுக்கிற சத்தம் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. எழுந்து வீட்டுக்குப் போகிறார்களா, மறுபடி அளக்க உட்காருகிறார்களா என்று போனைக் காதோடு அழுத்தி, காதெல்லாம் சாயமாகக் கேட்டேன். உட்காருகிறார்கள்.